உள்ளி மணம்

ஐந்து வயது மகளுக்கு மூன்றாம் தடவையும் காதில் சீழ் வடிந்ததால், அரைமனதோடு ஸ்பிரிங்வேலில் ஒரு சீன வைத்தியரிடம் கூட்டிப்போனேன்.

"காதில ஈரமும் சூடும் சேர்ந்திருக்கு," என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. அலமாரி நிறைய ஏதேதோ வேர்கள். இதில் எதைக் காய்ச்சிப் பிள்ளையின் காதுக்குள் விடப்போகிறாரோ என்று அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் குனிந்து காதை மணந்தார்.

"உள்ளிப்பூண்டு மணக்குது. எண்ணெய் விட்டீங்களா?"

"இல்லை," என்றேன்.

"மம்மி எவ்ரி டே ஹொட் ஒயில் விடுறவ," என்றாள் மகள்.

வைத்தியர் நிமிர்ந்தார். "செவிப்பறை கிழிஞ்சிருக்கலாம். என்ர மருந்தும் வேண்டாம், உங்கட எண்ணெயும் வேண்டாம். இப்பவே டொக்டரிட்ட காட்டுங்கோ."

அவருடைய அலமாரியை அவ்வளவு சந்தேகப்பட்ட நான், உள்ளி எண்ணெய் காய்ச்சிய என் குசினியை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.