பரலோக மந்திரத்துக்குள் புகுந்த பேய்

உள்ளே மெழுகுதிரி எரிய எரிய, மேல்மூடி மெல்லக் கருகத் தொடங்கும் பூசணிக்காய்க்கு ஒரு மணம் உண்டு. பாதி கறி மணம், பாதி கோயில் மணம். ஒக்டோபர் மாதத்துக் கடைசி நாளில், ஐந்து மணிக்கே இருட்டிவிடும் சட்டன் என்ற இந்த ஆங்கிலேய ஊரில், எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அந்த மணம் வரும். எங்கள் வீட்டில் மட்டும் வராது. அன்று முன்பக்க வெளிச்சமெல்லாம் அணைத்து, குசினிக்குள் ஒற்றை விளக்கின் கீழே அப்பா, அம்மா, நான் மூவரும் முழந்தாளில் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருப்போம்.

மன்னாரிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. ஹாலோவீனை அம்மா அந்தப் பெயரால் சொன்னதே இல்லை. "பசாசின்ர பெருநாள்" என்பார். பேய் வேடம் போட்ட பிள்ளைகள் வந்து வாசல் மணியை அடித்தால் நாங்கள் மூச்சுக் காட்டக்கூடாது. "முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி ஆரும் இனிப்புக் கேப்பினமோ? கேட்டாலும் ஆரும் சும்மா குடுப்பினமோ? சோழியன் குடுமி சும்மா ஆடாது" என்று அம்மா பொருமுவார். ஆனால் ஒன்று: மணி அடித்த ஒவ்வொரு தரமும், கையில் பிடித்திருந்த செபமாலையை அப்படியே என்னிடம் தந்துவிட்டு, இருட்டில் முன்னறைக்குப் போய், திரைச்சீலையை விரலளவு விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வருவார். "ஆர்?" என்று அப்பா கேட்பார். "ஒருத்தருமில்லை. பேயள்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா விட்ட மணியிலிருந்து செபத்தைத் தொடர்வார். பசாசு எவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்று பார்க்கத்தான் போகிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

அடுத்த வீட்டில் ஜோய்ஸ் அன்ரி என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, தங்கமான மனுசி. அப்பா ஷிப்டுக்குப் போய் மறந்துவிட்டால் எங்கள் குப்பைத்தொட்டியையும் அவரே தெருவுக்குத் தள்ளி வைப்பார். அப்படிப்பட்டவர் வருடா வருடம் அந்தக் கிழமையில் தன் முன்வளவுப் புல்லில் மூன்று கல்லறைக் கற்களை நட்டுவிடுவார். கல் என்றால் கல்லில்லை, புது ரிவி உடையாமல் இருக்கப் பெட்டிக்குள் வைத்து வருகிற அந்த வெள்ளை ரெஜிபோம். அதற்குச் சாம்பல் நிறம் பூசி, ஒன்றின் அடியில் எலும்புக் கை ஒன்றையும் செருகியிருப்பார். அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு, ஜோய்ஸ் அன்ரி மதிலுக்கு மேலால் நீட்டுகிற கேக்கை அம்மா "தாங்க்யூ, தாங்க்யூ" என்று பல்லைக் காட்டி வாங்கிவந்து, எனக்கு ஒரு துண்டும் தராமல் குப்பையில் போடுவார். அந்தக் கேக்குகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறெரியும்.

எனக்கு எட்டு வயதில் "புதுநன்மை" எடுக்கும் வருடம் வந்தது. முதன்முதலாக நற்கருணை வாங்கும் அந்த நாளுக்காக வெள்ளைச் சட்டை தைத்து அலுமாரியில் தொங்கியது. நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே அழுக்காக்கிவிடுவேன் என்று அதற்கு ஒரு பழைய தலையணை உறை போட்டிருந்தார்கள். வகுப்பில் செபங்களையெல்லாம் ஆங்கிலத்தில் பாடமாக்கச் சொன்னார்கள். ஒக்டோபரில் ஒரு பின்னேரம், செபமாலைக்கு இடையில் அம்மா, "எங்க, பரலோக மந்திரத்தை இங்கிலிசில சொல்லு பாப்பம்" என்றார். கர்த்தர் கற்பித்த செபத்துக்கு எங்கள் வீட்டுப் பெயர் அது. நான் ரீச்சர் சொல்லித்தந்த ராகத்தோடே தொடங்கினேன். "ஹாலோவ்ட் பி தை நேம்" என்ற இடத்துக்கு வந்ததும் கன்னத்தில் பளாரென்று விழுந்தது.

"என்ன சொன்னனீ? திருப்பிச் சொல்லு."

அழுதுகொண்டே திருப்பிச் சொன்னேன். "கேட்டீங்களே, கேட்டீங்களே!" என்று அம்மா அப்பாவிடம் திரும்பினார். "ஹாலோ எண்டு சொல்லுறாள்! மாதாவே, பரலோக மந்திரத்துக்குள்ளயே பசாசைப் புகுத்திப்போட்டாங்கள்!" ஆங்கிலப் பூசையில் கோயில் முழுக்க அந்த மந்திரத்தைச் சொல்லும்போது அம்மா வாய்க்குள் தமிழில் சொல்லிக்கொள்வார், ஆகவே பத்து வருடம் கோயிலுக்குப் போயும் அந்தச் சொல் அவர் காதில் ஏறவேயில்லை. அப்பாவாவது எனக்காக வாய் திறப்பார் என்று பார்த்தேன். அவர் பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். "எனக்கும் அந்த இடம் வடிவா விளங்கிறேல்லைத்தான்" என்றார். "இந்தப் புதுநன்மை வேண்டாம்" என்று அம்மா தீர்த்துவிட்டார். என் வெள்ளைச் சட்டை போச்சு என்று நான் குளறிய குளறல் ஜோய்ஸ் அன்ரிக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு கோயில் சுவாமியிடம் போனார் அம்மா. அவர் வயதான ஐரிஷ் பாதிரியார். அம்மாவுக்கு ஆங்கிலம் தட்டுத் தடுமாறும், ஆகையால் குற்றவாளியான நானே மொழிபெயர்ப்பாளரும் ஆனேன். சுவாமி சிரிக்காமல் முழுக்கக் கேட்டார். பிறகு, அந்தச் சொல்லுக்குப் பரிசுத்தம் என்றுதான் அர்த்தம், சகல பரிசுத்தவான்களின் திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் என்பதுதான் தேய்ந்து ஹாலோவீன் ஆனது, திருநாளுக்கு மறுநாள் மரித்த ஆத்துமாக்களின் நாள் என்று விளங்கப்படுத்தினார். நான் சொல்லச் சொல்ல அம்மாவின் கண் என் வாயிலேயே இருந்தது. "நீ சரியாத்தான் சொல்லுறியோ? அல்லது சட்டைக்காண்டிச் சொல்லுறியோ?" அந்தச் சந்தேகம் எனக்கு அடியைவிட உறைத்தது. "அம்மா, நாங்கள் தமிழில உம்முடைய நாமம் அர்ச்சிக்கப்படுவதாக எண்டு சொல்லுறமல்லோ, அதுதான் இது!" என்று கத்தினேன். அம்மா வாய்க்குள் மந்திரத்தைத் தொடக்கத்திலிருந்து சொல்லி, அந்த இடத்தில் வந்து நின்றார்.

"அப்ப, நல்ல சொல்லொண்டை உரிஞ்சு பேய்க்குச் சட்டையாப் போட்டு விட்டிருக்கினம்" என்றார் கடைசியில். மொழிபெயர்த்தேன். சுவாமி இப்போதுதான் சிரித்தார். நாங்கள் வெளிக்கிடும்போது அம்மாவிடம் ஒரு வெள்ளை உறையைக் கொடுத்தார். நம் வீட்டு மரித்தவர்களின் பெயர்களை உள்ளே இருக்கும் தாளில் எழுதிக் கொடுத்தால், நவம்பர் மாதம் முழுவதும் பூசையில் அவர்களுக்காக மன்றாடுவார்களாம்.

அன்று பின்னேரம் குசினி மேசையில் அம்மா பெயர்களை எழுதினார். தன் தகப்பன், தாய், அப்பாவின் தமையன். பக்கத்தில் நின்ற அப்பா, மிகவும் பணிந்த குரலில், "செல்வத்தின்ர பேரையும் எழுதிவிடன்" என்றார். செல்வம் மாமா அம்மாவின் ஒரே தம்பி. அப்பாவும் அம்மாவும் இங்கே வந்த பிறகு, சண்டைக் காலத்தில் ஊரில் ஒருநாள் காலையில் சைக்கிளில் வெளியே போனவர், போனவர்தான். எனக்கு அவர் ரிவிக்கு மேலே இருக்கும் ஒரு படம், அவ்வளவே. அம்மா பேனையை வைத்தார்.

"ஆர் சொன்னது அவன் செத்தவனெண்டு? நீங்கள் கண்டனீங்களோ?"

அப்பா கதிரையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் எழுதினா நானே அவனைச் சாகக் குடுத்த மாதிரி. அவன் இன்னும் வரேல்லை. எங்கட விலாசம் அவனிட்டக் கிடக்கு." அப்படிச் சொல்லிவிட்டு, தாளில் ஒரு கோட்டை வெறுமையாக விட்டு, அதற்குக் கீழே மிச்சப் பெயர்களை எழுதினார். பிறகு யன்னலால் ஜோய்ஸ் அன்ரியின் வளவைப் பார்த்தார். "ஒரு கல்லு நட இடந்தெரியாமச் சனம் அலையுது. இவை விளையாட்டுக்கு நடுகினம்." அம்மாவுக்குப் பயம் பசாசில் இல்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் முதல் சந்தேகம் வந்தது. அப்பா எத்தனையோ தரம் வீடு மாறுவோம் என்று கேட்டும் அம்மா சம்மதியாததன் காரணமும், வருடங்கள் போகப் போக, தானாக விளங்கிற்று.

புதுநன்மை எடுத்தேன். அடித்ததற்கு அம்மா ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை, நம் அம்மாக்கள் கேட்பார்களா என்ன! ஆனால் செபத்தில் அந்தச் சொல் வரும்போது கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

இப்போது அதே வீட்டில் நான் இருக்கிறேன். ஜோய்ஸ் அன்ரியின் வீட்டுக்கு வந்த புது ஆட்கள் மூன்று கல்லை எட்டாக்கிவிட்டார்கள். கோயில் வாட்ஸப் குழுவில் ஒக்டோபர் வந்தால் போதும், ஹாலோவீனுக்குப் பிள்ளைகளை அனுப்பினால் நரகந்தான் என்று ஆரோ எழுதியதை ஆரோ அனுப்புகிறார்கள். சொன்னது ஆரென்றே தெரியாத அந்தச் செய்திகளை நான் நம்புவதில்லை. என் மகள் எலும்புக்கூட்டுச் சட்டை போட்டுக்கொண்டு தெருவுக்குப் போகிறாள். அவள் கொண்டுவரும் இனிப்பை ஒவ்வொன்றாகப் பிரித்து மணந்து பார்த்துத்தான் கொடுக்கிறேன். அது அம்மா எனக்கு விட்டுப்போன சொத்து. இருட்டுக் குசினி இல்லை. ஆங்கில மந்திரத்தைக் கேட்டுத் திடுக்கிட எங்கள் வீட்டில் ஆளில்லை. அம்மா போன மாசியில் போய்விட்டார்.

இந்த வருடம் அந்த வெள்ளை உறையை நான்தான் நிரப்பவேண்டியிருந்தது. அம்மாவின் பெயரை எழுதினேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு ஒரு கோட்டை வெறுமையாக விட்டேன். முகத்தில் வெள்ளை மையோடு பக்கத்தில் வந்து குந்திய மகள், அதில் விரலை வைத்து, "அம்மா, இது ஆருக்கு?" என்றாள்.

"அம்மம்மாவின்ர தம்பிக்கு."

"அவர் செத்திட்டாரா?"

"ஆர் சொன்னது?" என்றேன். அம்மாவின் குரல்தான் வந்தது.

அப்போது வாசல் மணி அடித்தது. இனிப்புக் கிண்ணம் வாசலடியில் தயாராகத்தான் இருந்தது. ஆனாலும் எழுந்து முன்னறைக்குப் போய், திரைச்சீலையை விரலளவு விலக்கி, வெளியே நின்றவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

"ஆரம்மா?" என்றாள் மகள் உள்ளேயிருந்து.

"ஒருத்தருமில்லை" என்றேன். "பேயள்தான்."