தளராத வளையம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் சுத்தக்காரி. எலியின் குடலுக்குப் போகும் நூல் மாதிரியான ரத்தக்குழாயை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சவ்வையும் துளி விடாமல் உரித்தெடுப்பது பதினோரு வருடமாக அவள் வேலை. பிறகு அதைச் சின்ன வளையமாக நறுக்கி, இரண்டு கம்பிகளில் மாட்டி, உப்புநீரில் நிறுத்துவாள். வளையம் இறுகினால் திரையில் கோடு ஏறும், தளர்ந்தால் இறங்கும்.

அந்த மாதம் ஆய்வுக்கூடத்துத் தலைவி மேடம் கொடுத்தது புதுச் சோதனை. மருந்து கொடுத்து இறுக்கிய வளையம், கால்சியம் விட்டதும் தளர வேண்டும். பக்கத்து மேஜை மீசைக்காரருடைய வளையங்கள் சொல்லிவைத்த மாதிரி தளர்ந்தன. அவளுடையவை அசைந்தே கொடுக்கவில்லை.

"என்னம்மா, உன் குழாய்க்கும் உன்னை மாதிரியே பிடிவாதமா?" என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உப்புநீரை மாற்றினாள், கம்பியை மாற்றினாள், முன்னைவிடச் சுத்தமாக உரித்தாள். கோடு இறங்கவில்லை. வீட்டில் கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு நிமிஷம் உட்காரேன். எலி நரம்பைத்தானே அறுக்கறே, நாட்டையா ஆளறே?" என்றான் கணவன்.

"நரம்பு இல்ல, ரத்தக்குழாய்! எத்தனை தடவை சொல்றது?"

"ஊசி போடப் போனா நரம்பு கிடைக்கலைன்னுதானே சொல்றாங்க?"

பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

மறுநாள் மீசைக்காரர் கை கழுவப் போன நேரம் பார்த்து, அவருடைய நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். குழாயைச் சுற்றி மேல்சவ்வு அப்படியே கிடந்தது. திரும்பினால் அவர் பின்னால் நிற்கிறார்.

"பார்த்துட்டியா?" குரல் இறங்கிப்போயிருந்தது. "கண்ணுல புரை. அந்தச் சவ்வெல்லாம் எனக்குத் தெரியறதே இல்லம்மா. ரிட்டயர் ஆக ஏழு மாசம்தான். மேடம் காதுல போட்டுடாதே."

சொன்னால் அவர் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் கை சரியில்லாதவள் என்ற பெயர் தனக்கு. இருப்புக்கொள்ளாமல் வராந்தாவில் நாலு நடை நடந்தாள். சட்டென்று உள்ளே வந்து, ஒரே குழாயை இரண்டாக வெட்டினாள். ஒரு பாதியை உரித்தாள். மறுபாதியைச் சவ்வோடு விட்டாள். இரண்டிலும் கால்சியம் விட்டாள். சவ்வோடு இருந்தது சரசரவென்று தளர்ந்தது. உரித்தது விறைத்தபடியே நின்றது. நான்கு முறை செய்தாள். நான்கு முறையும் அதேதான்.

அவள் கொண்டுபோய்க் கொடுத்த முடிவுத் தாளைப் பார்த்த மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "மேல்சவ்வுலதான் மயிரிழை மாதிரி நரம்பு ஓடும். கால்சியம் வந்ததை மோப்பம் பிடிச்சு, குழாயைத் தளரச் சொல்றது அதுதான் போல. நீங்க உரிக்கும்போது நரம்பும் சேர்ந்து போயிடுது. உங்க கை தப்பு பண்ணல. ஆனா அவருது எப்படித் தளர்ந்துச்சு? அவர் உரிக்கறதில்லையா?"

"அவர் கை கொஞ்சம் மெதுவா போகும், மேடம்."

அன்று மாலையே மீசைக்காரரைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஒரு மாதத்தில் ஆபரேஷன் முடிந்து வந்தவர், நுண்ணோக்கியில் குனிந்ததும் பதறிப்போனார்.

"அடடா, இவ்வளவு குப்பையோடயா வேலை பார்த்தேன்?"

இடுக்கி சவ்வை நோக்கிப் போவதற்குள் அவள் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.