சோடா குடித்த மண்

செவிலிமேட்டில் வீடு கட்டி முடித்தபோது முன்பக்கம் ஒரு துண்டு நிலம் மிஞ்சியது. நிலம் என்று சொல்வதே அதிகம். உடைந்த செங்கல், டைல்ஸ் சில்லு, கலவை கொட்டி இறுகிய கட்டி. என் வீட்டுக்காரர் பார்த்தவுடனே, "சிமெண்ட் போட்டுட்டா கார் நிக்கும். கூட்டறதும் சுலுவு" என்றார். எனக்கு வந்ததே கோபம்! கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் வாடகை போர்ஷன்களிலேயே போய்விட்டது. படி ஓரம் ஒரு தொட்டி வைத்தாலும் ஓனரம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். காலால் மிதிக்க எனக்கென்று கொஞ்சம் மண் வேண்டும், அவ்வளவுதான்.

சண்டை முற்றிப் பந்தயத்தில் வந்து நின்றது. "பொங்கல் குழம்புக்கு எல்லாக் காயும் நீ இந்த மண்ணுலயே வெளைக்கணும். ஒண்ணு வெளியில வாங்கினாலும் சிமெண்ட்தான்" என்றார். "பாத்துடலாம்" என்றேன். ரோஷத்தில் வாயைக் கொடுத்துவிட்டேன்.

ஆடி மாதம் கடப்பாரையை எடுத்தேன். செலவு வைக்கக் கூடாதென்று வைராக்கியம். பட்டுக்குச் சாயம் போடும் பட்டறை என் தம்பியுடையது. அங்கே விரிசல் விட்டு மூலையில் கிடந்த டிரம்களை வாங்கி வந்து பாதியாக அறுத்துக் கத்தரி வைத்தேன். தெருமுனையில் இடித்த பழைய வீட்டின் கம்பிகள் பந்தல் ஆயின. அவரைக்கொடியைக் கட்டக் கயிறு இல்லை. அம்மா வீட்டுத் தறியில் கழித்த பட்டு நூல் ஒரு பை நிறைய இருந்தது, அதையே எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பெண் மதில்மேல் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, அவரைக்குப் பட்டு கட்டிக்கினு இருக்கறீங்க? தீபாவளிக்கு எனக்கே அது கெடைக்கலியே!" என்று சிரித்தாள்.

பட்டறையில் இன்னொன்றையும் பார்த்து வைத்திருந்தேன். சாயம் போடுவதற்கு முன் பட்டு நூலைக் கொதிக்க வைத்துப் பசை எடுப்பார்கள். அந்தத் தண்ணீர் பழுப்பாக, நுரைத்துக்கொண்டு, புழுநாற்றத்தோடு சாக்கடைக்குப் போகும். மீன் கழுவிய தண்ணீருக்கே செடி கொழிக்கிறதே, பட்டுப்புழு கக்கிய பசைக்கு எப்படிக் கொழிக்கும்! என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். தம்பி ஊரில் இல்லாத வாரமாகப் பார்த்து, ஆட்களிடம் கேன் கேனாக வாங்கி, ஆறவைத்து, ஸ்கூட்டியில் கொண்டுவந்து தினமும் ஊற்றினேன்.

எட்டாம் நாள் கத்தரி இலை ஓரம் கருகியது. அவரை தலையைத் தொங்கப் போட்டது. மண்மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. ஊரிலிருந்து வந்த தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். "அக்கா! அதுல சோப்பும் சோடா உப்பும் போட்டுத்தான் கொதிக்க வெக்கறோம். அதைப் போயி செடிக்கு ஊத்துவாங்களா?" நான் வளர்ந்தது தறி வீட்டில்தான். ஆனால் எங்களுக்கு நூல் சாயம் ஏறித்தான் வரும்; அதற்கு முன் என்ன நடக்கிறதென்று நான் கேட்டதே இல்லை. வீட்டுக்காரர் மேஸ்திரியின் நம்பரைக் காலண்டரில் எழுதி வைத்தார்.

அழுகை வந்தது. அழுதுவிட்டு மண்வெட்டியை எடுத்தேன். வெள்ளை பூத்த மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குச் சுரண்டி அள்ளினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. தாமலிலிருந்து பால் கொண்டுவருபவர் எருவும் ஏரி வண்டலும் மூட்டை கட்டித் தந்தார். ஐப்பசி மழை மிச்ச உப்பையும் கழுவிக்கொண்டு போனது. மறுபடி விதைத்தேன். காலத்தில் பாதி போய்விட்டதே என்று மனசு அடித்துக்கொண்டாலும் விடுவதாக இல்லை.

போகிக்கு முதல் நாள் கணக்குப் பார்த்தேன். அவரை இருந்தது. கத்தரி கோணல்மாணலாக ஏழெட்டு. சர்க்கரைவள்ளி விரல் பருமன். பரங்கிக்கொடி மட்டும் வாசல் வரைக்கும் ஓடியிருந்தது. பூ பூவாகப் பூத்து ஒரு பிஞ்சு இல்லை. பரங்கி இல்லாமல் எங்கள் வீட்டில் பொங்கல் குழம்பு வைப்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தன் கூரைமேல் காய்த்த பரங்கியை நீட்டி, "உங்களுதுன்னு சொல்லிடுங்கக்கா, யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள். கை நீண்டது. என் மண்ணுக்காகப் பொய் சொல்லவா என்று பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். கடைக்குப் போய் ஒரு கீற்று வாங்கினேன்.

பொங்கலன்று இலையில் பரங்கியைப் பார்த்து அவர், "இது?" என்றார்.

"கடையில வாங்கினது. தோத்துட்டேன்."

"அப்போ கரிநாள் முடிஞ்சதும் மேஸ்திரிய வரச் சொல்றேன்."

"வரச் சொல்லுங்க. ஆனா சிமெண்ட் போட வுட மாட்டேன். என் வீட்டு மண்ணுக்கு நான் பந்தயம் கட்டினதே தப்பு. பதினெட்டு வருஷமா எல்லார்கிட்டயும் கேட்டுக்கினு நின்னேன். இனிமே உங்களைக்கூடக் கேக்க மாட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு குனிந்து சாப்பிட்டார். அந்தக் கோணல் கத்தரிக்காயில் இன்னும் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

கரிநாள் போன மறுநாள் மேஸ்திரி கொத்துக்கரண்டியும் ஆளுமாக வந்தார். நான் மண்வெட்டியோடு கேட்டில் போய் நின்றேன். பின்னாலிருந்து வீட்டுக்காரர், "வேலை இல்லப்பா. கார் தெருவுலயே நிக்கட்டும்" என்றார்.

"வந்தது வந்துட்டீங்க" என்று மேஸ்திரியை உள்ளே கூப்பிட்டேன். வீடு கட்டும்போதே வாசல் படிக்கு முன்னால் ஆறடிக்குச் சிமெண்ட் தளம் போட்டிருந்தார்கள். அதைக் காட்டி, "இதைப் பேத்துக் குடுத்துட்டுப் போங்க" என்றேன்.