எனக்குப் பதிலாக ஆடிய ஆர்கடி

பிப்ரவரியில் என் வீட்டு வாசற்படியில் பனிக்கட்டி வழுக்கி, இடது கணுக்காலை உடைத்துக்கொண்டேன். வலியைவிடப் பெரிய கவலை ஹெல்யுவுக்கு. அவள்தான் எஸ்தோனியாவில் எங்கள் ஈசாகு கிராமத்து நாட்டுப்புற நடனக் குழுவின் தலைவி. எட்டு ஜோடிக்கு எட்டே ஆண்கள். அதில் ஒருவன் மாவுக்கட்டில். ஆறு வாரத்தில் வட்டாரத் தேர்வு. அதில் தேறினால்தான் தலைநகர் தாலினில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய நடன விழாவுக்குப் போக முடியும்.

குழுவில் பாதிப் பேர் யோஹ்வி நகரத்திலிருந்து வியாழக்கிழமை பஸ்ஸில் வருவார்கள். பஸ்ஸை ஓட்டுபவர் ஆர்கடி லோபனோவ், ரஷ்யர். ஐம்பத்து நான்கு வயது, கட்டுமஸ்தான ஆள். எங்கள் பயிற்சி முடியும் வரை சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். நானும் கட்டுப்போட்ட காலோடு அதே பெஞ்சுக்குக் குடிபோனேன். அப்போதுதான் கவனித்தேன்: அவருடைய பூட்ஸ் கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு தட்டுகூடப் பிசகவில்லை.

"ஹெல்யு, உனக்கு எட்டாவது ஆளு இங்க உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்காரு" என்று கத்தினேன்.

ஆர்கடி பதறிப்போனார். முப்பது வருடம் எங்கள் சாலைகளில் பஸ் ஓட்டியும் அவருக்குத் தெரிந்த எஸ்தோனிய மொழி, டிக்கெட்டுக்கும் நிறுத்தத்துக்கும் போதுமான அளவுதான். "நான் பஸ் ஓட்டு. ஆடு இல்ல" என்றார்.

"ஆடு இல்லன்னா மாடு. எந்திரிங்க" என்று ஹெல்யு அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

என் ஜோடி மாரெத். அறுபதைத் தாண்டிய தபால் நிலையக்காரி, வாய் கொஞ்சம் காரம். அவளுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. தபால் நிலையத்தில் யார் ரஷ்ய மொழியில் கேட்டாலும் "எனக்குப் புரியாது" என்று திருப்பி அனுப்புகிறவள் அவள். "நம்ம ஊர் உடுப்ப இவருக்குப் போட்டு விடப்போறீங்களா?" என்று ஹெல்யுவிடம் கேட்டாள். ஆனால் ஜோடி இல்லாமல் அவளாலும் ஆட முடியாது. இரண்டு விரலை மட்டும் அவர் கையில் வைத்தாள்.

ஆர்கடி எங்கள் மொழியைக் கற்றது அப்படித்தான். இடது, வலது, சுற்று, பிடி, விடு, குதி. பெஞ்சிலிருந்து நான் சொல்லிக்கொடுப்பேன், அவர் சிகரெட் பெட்டியின் பின்னால் ரஷ்ய எழுத்தில் குறித்துக்கொள்வார். ஒருநாள் கடையில் வழியை மறித்து நின்ற அம்மாளிடம், கொஞ்சம் நகருங்கள் என்று சொல்ல வார்த்தை கிடைக்காமல், "அம்மா, வலது பக்கம் ரெண்டு குதி, ஒரு சுத்து!" என்று சொல்லிவிட்டாராம். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சுற்றியும் விட்டாளாம்.

வீட்டில் வேறு கூத்து. முழங்கால் வரையிலான கால்சட்டை, வெள்ளைக் காலுறை, குஞ்சம் வைத்த பட்டை எல்லாம் மாட்டிக் கண்ணாடி முன் நின்றவரைப் பார்த்து, மனைவி லரிசா கட்டிலில் விழுந்து சிரித்திருக்கிறாள். சக டிரைவர் ஜோரா சும்மா விடுவானா? "என்ன ஆர்காஷா, எஸ்தோனியன் ஆயிட்டியா? நாளைலேர்ந்து எங்களோட பேசுவியா, இல்ல குனிஞ்சு வணக்கம் மட்டுந்தானா?"

"ஆடத்தாண்டா போறேன். ரத்தத்த மாத்திக்கவா போறேன்?" என்று சொல்லிவிட்டாலும், அந்தக் கேள்வி அவரைக் குடைந்தது. பெஞ்சில் என்னிடம் ஒருநாள், தெரிந்த வார்த்தைகளைக் கோத்துக் கேட்டார்: "ஆர்வோ, இந்த உடுப்பப் போட்டா நான் பொய் சொல்ற மாதிரி இருக்கா?" "உனக்கு எப்படி இருக்கு?" என்றேன். "காலு குளுருது" என்றார்.

தேர்வு ஏப்ரலில், ரக்வெரே அரங்கில். மூன்று நடுவர்கள். இரண்டாவது நடனத்தில் எல்லா ஆண்களும் இடது பக்கம் சுற்ற வேண்டிய இடத்தில் ஆர்கடி வலது பக்கம் கிளம்பிவிட்டார். நான் பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது மாரெத்தின் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது.

"நலேவா! நலேவா, முட்டாள்!"

இடது பக்கம் என்று சுத்தமான ரஷ்ய மொழியில். ஆர்கடி ஒற்றைக்காலில் திரும்பி, ஒரு துள்ளுத் துள்ளி, வரிசையில் சரியாகப் போய் விழுந்தார். அது நடனத்திலேயே உள்ள அசைவு என்று நினைத்துச் சனம் கைதட்டியது. மூன்றாவது ஜோடி நல்ல உயிரோட்டம் என்று நடுவர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். தேறிவிட்டோம்.

பஸ்ஸுக்குத் திரும்பியதும் ஆர்கடி ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டார். "மாரெத், உங்களுக்கு ரஷ்ய மொழி தெரியாதுன்னாங்களே?"

மாரெத் ரஷ்ய மொழியிலேயே பதில் சொன்னாள், யோஹ்விக்காரர்கள் எங்களுக்கு மொழிபெயர்த்தார்கள். "சோவியத் ஆட்சில எங்கம்மாவ சைபீரியாவுக்கு நாடு கடத்தினாங்க. நான் அங்கதான் பொறந்தேன். அஞ்சு வயசு வரைக்கும் பசங்களோட இந்த பாஷைலதான் வெளையாட்டு. இங்க திரும்பி வந்தா, பள்ளிக்கூடத்துல எல்லாரும் ரஷ்யக்காரின்னு கூப்பிட்டாங்க. அன்னிக்கு மூடின வாய்."

ஆர்கடி மெதுவாகச் சொன்னார்: "நான் பொறந்தது யோஹ்வி ஆஸ்பத்திரில. அப்ப நான் இந்த ஊர்க்காரன், நீங்க சைபீரியாக்காரி. உங்களுக்கு ஈசாகுவச் சுத்திக் காட்டவா?"

மாரெத் முதலில் முறைத்தாள். பிறகு சிரிப்பு வெடித்து, விக்கல் எடுத்து, கண்ணில் தண்ணீர் வந்து, ஆர்கடியின் பிளாஸ்க் தேநீரைக் குடித்துத்தான் அடங்கினாள். சிறுவயதில் கற்ற இரண்டு கெட்ட வார்த்தைகள் இன்னும் நினைவிருக்கின்றன என்று சொல்லி அவற்றையும் அரங்கேற்றினாள். யோஹ்விப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

விழா நடக்கும் ஜூலைக்குள் என் கால் தேறிவிட்டது. "எடம் உன்னோடது" என்று ஆர்கடி ஒதுங்கிக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாரெத், "இருபது வருஷமா ஆர்வோ என் காலைத்தான் மிதிக்கிறான். இன்னும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் தாலின் ஊர்வலத்தில் எங்கள் ஊர்ப் பலகையை ஏந்தி நான் முன்னே நடக்க, தெருவெல்லாம் "ஈசாகு வாழ்க!" என்று கத்தியபோது, பின்னால் ஆர்கடி எல்லாரையும்விடச் சத்தமாக "வாழ்க!" என்று திருப்பிக் கத்தினார். மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்களோடு அவர் இடது பக்கம் சுற்றினார். லரிசா அழுதாள். பக்கத்தில் ஜோரா, "எங்க ஆளு, எங்க ஆளு!" என்று எஸ்தோனிய மொழியில் அக்கம்பக்கத்தாரை இடித்து இடித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

ஆர்கடியிடம் அதுவரை இருந்தது, சோவியத் உடைந்தபின் இங்குள்ள ரஷ்யர் பலருக்கும் கொடுத்த சாம்பல் நிற பாஸ்போர்ட், எந்த நாட்டுக்கும் குடிமகன் இல்லாதவருடையது. அந்த இலையுதிர் காலத்தில் குடியுரிமைக்கான மொழித் தேர்வு எழுதப் போனார். ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பேச ஆரம்பித்ததும் நிறுத்த முடியாமல், கடைசியில் தேர்வாளரே "போதும் ஐயா, தேறிட்டீங்க" என்றாராம். அடுத்த வருடம் எஸ்தோனிய பாஸ்போர்ட் வந்தது.

இப்போதும் அவர் வீட்டில் பேச்சு ரஷ்ய மொழிதான். புத்தாண்டு அங்கே இரண்டு முறை பிறக்கும்: பதினொரு மணிக்கு மாஸ்கோ நேரப்படி, பன்னிரண்டுக்கு நம் நேரப்படி. போன வருடம் குழு முழுவதையும் அழைத்திருந்தார். லரிசாவின் மீன் ஊறுகாயும் மாரெத்தின் ரத்த சாசேஜும் ஒரே தட்டில். பதினொன்றுக்குக் கோப்பையை உயர்த்தச் சொன்னதும் ஹெல்யு கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே என்று முணுமுணுத்தாள்.

"வாய மூடிட்டுக் குடி" என்றாள் மாரெத், இரண்டு மொழியிலும்.