யாரோ இழந்த ஆள்

இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில், யார் என்ன சாப்பிட்டார், மாத்திரை போட்டாரா என்று எழுதுவதோடு, இன்றைக்கு அவர் மனநிலை என்ன என்பதையும் எழுதியாக வேண்டும். என் ஊரான திண்டிவனத்தில் யாராவது என் மனநிலையை எழுதி வைத்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். போன மாதம், இல்லத்தில் இருக்கும் ஆர்தர் என்ற பெரியவரின் தாளில் கூட வேலை பார்க்கும் ஜேன் 'ஃபர்லார்ன்' என்று எழுதியிருந்தாள். ஏதோ புது வியாதி என்று நினைத்து அவருக்குக் காய்ச்சல் பார்த்தேன். "ஹி இஸ் ஜஸ்ட் லோன்லி, லவ்" என்று ஜேன் சிரித்தாள். இங்கே யாரைக் கூப்பிட்டாலும் 'லவ்'தான்.

அத்தோடு விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை, இடைவேளையில் போனில் அகராதியைத் திறந்தேன். தாங்க முடியாத தனிமை என்று போட்டிருந்தது. அடியோடு இழப்பது, கைவிடுவது என்று பொருள்படும் பழைய ஆங்கில வினையிலிருந்து வந்ததாம். அதாவது, முழுக்க இழக்கப்பட்டவர். தனியாக இருக்கிறார் என்று நாம் சொன்னால் அது அவர் பாடு. இந்த வார்த்தையோ, அவரை இழந்த ஆள் யார் என்று கேட்கிறது. வந்து எட்டிப் பார்க்காத ஆர்தரின் மகனை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

அந்த வாரமே சித்தப்பா மகன் அந்தோணி ஊரிலிருந்து கூப்பிட்டான்.

"இன்னாக்கா, ஊருக்கு வர்றியாமே? எங்ககிட்ட சொல்லவே இல்ல."

"யாருடா சொன்னது?"

"பெரியப்பாதான். விழுப்புரம் ஜங்ஷன் பிளாட்பாரத்துல ஒக்காந்துகினு கீறாரு. பொண்ண கூட்டிகினு போவ வந்தேன்னாரு. டீக்கடைக்காரர கேட்டா, மூணு மாசமா தெனமும் வந்து இதையேதான் சொல்றாருங்கன்றாரு."

அம்மா போன பிறகு அப்பா திண்டிவனத்து வீட்டில் தனியாக இருக்கிறார். ஞாயிறுதோறும் சலவைச் சட்டையோடு வீடியோவில் வந்து, எனக்கு இன்னா கொறை என்பார். பூசைக்குப் போனீங்களா, சாப்பிட்டீங்களா என்று கேட்டு நானும் வைத்துவிடுவேன். மறதி நோய் வந்துவிட்டதோ என்று பயந்து உடனே அவரைக் கூப்பிட்டேன்.

"அதெல்லாம் நல்லாத்தான் கீறேன்மா. வூட்ல பேச ஆள் இல்ல. நம்மூரு ஸ்டேஷன்ல கூட்டம் கம்மி. இங்க ஜங்ஷன்ல நாலு ஜனம் வரும் போவும், பாத்துகினு இருப்பேன். சும்மா ஒக்காந்தா ஏன் ஏன்னு கேட்டுகினே இருப்பாங்க, பேஜாரு. ஆளுக்கு வெயிட் பண்றேன்னா வுட்டுடுவாங்க."

"அதுக்கு என்னையா சொன்னீங்க?"

"வேற யார சொல்றது பாப்பா?"

உண்மைதான். காரணம் இல்லாமல் ஓரிடத்தில் உட்கார நம் ஊரில் யாரையும் விடமாட்டார்கள். மறதி நோயாக இருந்தால்கூட மருந்து கேட்டிருப்பேன். நான் வரப்போவதில்லை என்று நன்றாகத் தெரிந்துகொண்டேதான் அவர் தினமும் பஸ் ஏறிப் போயிருக்கிறார். ஆர்தரின் மகனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

லீவுக்கு எழுதிக் கொடுத்தேன், இன்னும் பதில் இல்லை. நேற்று வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். என் பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததும் போனது. பக்கத்தில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். இந்த ஊரில் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன்: அப்பாவைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன்.