பர்தில் என்று இங்கே யாரும் இல்லை

1991 மார்ச் 17 — அல்பேனிய-கிரேக்க எல்லைக் கணவாய். வழிகாட்டிக்கு ஒரு கைக்கடிகாரம், 600 லெக் அல்பேனியப் பணம்.
1991 மே 6 — பீச் பழத் தோட்டத்தில் முதல் நாள் கூலி, கிரேக்கப் பணம் 2,000 திராக்மா.
1993 ஆகஸ்ட் 11 — நாடுகடத்தல். காவல்துறைப் பேருந்து, கட்டணமில்லை.
1993 ஆகஸ்ட் 19 — மறுபடி அதே கணவாய். வழிகாட்டி இல்லை, செலவும் இல்லை.
1998 ஜூன் 2 — வெள்ளை அட்டை, அதாவது தற்காலிகத் தங்கும் சீட்டு. மருத்துவச் சான்று, படங்கள்: 14,500 திராக்மா.
2006 அக்டோபர் 9 — இரண்டாண்டுத் தங்கும் அனுமதி, 300 யூரோ.
2013 பெப்ரவரி 25 — கிரேக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பம், 700 யூரோ. மறுத்தால் திரும்பக் கிடைக்காது.

இந்த எழுநூறு யூரோ விஷயம் பிளாதானி என்ற கிரேக்க ஊரில் அல்பேனியரான பர்தில் செலாவுக்கும் அவர் மனைவி மிமோசாவுக்கும் மட்டுமே தெரியும். விண்ணப்பத்துக்கு இரண்டு கிரேக்கச் சாட்சிகள் வேண்டும். தான் அவ்வப்போது வேலை செய்யும் பழப்பதனத் தொழிற்சாலையிலிருந்து இரண்டு மேஸ்திரிகளைப் பர்தில் அழைத்துப் போனார். ஊர்க்காரர்கள் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவர் மாற்றி ஒருவர் வந்திருப்பார்கள். ஆனால் கோரிக்கை தள்ளுபடியானால் காப்பிக்கடையில் அத்தனை பேர் முகத்திலும் விழிக்க வேண்டும். அதனால் காதும் காதும் வைத்தாற்போல முடித்துக்கொண்டார்.

ஊரில் அவர் பெயர் பர்தில் இல்லை, ஸ்தாத்தி. வேலைக்கு வந்த முதல் நாளே தோட்டத்து முதலாளி அர்கிரிஸ் அவர் பெயரை இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் நாக்கில் ஒட்டவில்லை. “உன் பேரு இனிமே ஸ்தாத்தி. எங்க சித்தப்பா பேரு. நல்ல மனுஷன், போய்ச் சேர்ந்துட்டார், பேரு சும்மாதான் கெடக்கு” என்று சொல்லிவிட்டார். கூலிக்கு வந்தவன் கிரேக்கப் பெயரோடு இருப்பது அன்று எல்லோருக்கும் வசதி. பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. செப்டம்பர் 20 அந்தப் பெயருள்ள புனிதரின் நாள். கிரேக்கர்கள் பிறந்த நாளைவிடப் பெயர் நாளையே பெரிதாக நினைப்பவர்கள். அன்று யாரையும் அழைக்க வேண்டியதில்லை, ஊரே இனிப்புப் பெட்டியோடு ஸ்தாத்தி வீட்டுக்கு வந்துவிடும். மகள் எலிராவுக்கு ஞானத்தகப்பனாக நின்றவரும் அர்கிரிஸ்தான். பாதிரியாரும் ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பெயர் ஸ்தாத்தி என்றே எழுதிக்கொண்டார்.

அந்தத் தொண்ணூறுகளில் கோடை வந்தால் போலீஸ் வண்டிகள் பீச் தோட்டங்களைச் சல்லடை போட்டுச் சலிக்கும். காகிதமில்லாத அல்பேனியர்களை அள்ளிக்கொண்டு போய் எல்லையில் இறக்கிவிடும். பழம் மரத்திலேயே அழுகும். ஆகையால் பிளாதானிக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் பாந்தெலிஸ் தன் காப்பிக்கடைப் பின்னறையைத் திறந்துவிடுவார். பீர்ப்பெட்டிகளுக்குப் பின்னால் ஐந்து பேர் குந்தி உட்காரலாம். போலீஸ்காரர் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், சீட்டாடுகிறவர்கள் தலை நிமிராமல், அப்படி ஒருவர் இங்கே இல்லையே என்பார்கள். 1993இல் பர்தில் பிடிபட்டது பின்னறையில் இல்லை, தோட்டத்துக் கிணற்றடியில். பாந்தெலிஸ் அதை இன்றும் சொல்லிக் காட்டுவார். தன் கடையிலிருந்து ஒருவன்கூடப் பிடிபட்டதில்லை என்பது அவருக்குப் பெருமை.

இருபத்திரண்டு வருடம் கழித்துப் பர்திலுக்குக் குடியுரிமை எதற்கு என்று மிமோசாவே கேட்டாள். எழுநூறு யூரோவில் சமையலறைக்கு நல்ல அடுப்பு வாங்கலாம். மகள் இங்கேயே படித்ததால் அவளுக்குத் தனிச் சட்டத்தில் கிடைத்துவிடும். இவர்கள் இரண்டு பேரும் அனுமதியைப் புதுப்பித்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாமே என்பது அவள் கணக்கு.

பர்திலின் கணக்கு வேறு. அனுமதி புதுப்பிக்க வேண்டுமானால் வருடத்தில் இத்தனை நாள் வேலை செய்ததாகக் காப்பீட்டு முத்திரை காட்ட வேண்டும். நாள் குறைந்தால் முத்திரை குறையும், முத்திரை குறைந்தால் அனுமதி போய்விடும். 2012 டிசம்பரில் கிளை வெட்டும்போது ஏணி சரிந்து முதுகில் அடிபட்டது. ஆறு வாரம் அசையாமல் படுக்கச் சொன்னார் மருத்துவர். நான்காம் நாள் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் ஏணியில் ஏறினார்.

“எனக்கு ஓட்டும் வேணாம், பாஸ்போர்ட்டும் வேணாம். ஒடம்பு சரியில்லன்னா நிம்மதியாப் படுக்கணும். இந்த ஊர்ல பொறந்தவனுக்கு அது சும்மா கெடைக்குது” என்றார்.

மிமோசா அதற்குமேல் அடுப்பைப் பற்றிப் பேசவில்லை.

2014 பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பர்தில் காப்பிக்கடைக் கூரைமேல் உடைந்த ஓடுகளை மாற்றிக்கொண்டிருந்தார். கீழே ஒரு போலீஸ்காரர் வந்து இறங்கினார். பெயர் மனூசோஸ், கிரீட் தீவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த இளைஞர். கையில் ஒரு தாள். பர்தில் செலா, தகப்பன் பெயர் ஜெமால், 1962இல் பிறந்தவர், முகவரி பிளாதானி. ஆள் இங்கே வசிக்கிறாரா, நடத்தை எப்படி என்று விசாரித்தார். சந்துக்குப் பெயரும் கிடையாது, வீட்டுக்கு எண்ணும் கிடையாது. ஆகவே காப்பிக்கடையில் கேட்பதுதான் முறை.

கடையில் பாந்தெலிஸும் அர்கிரிஸும் இன்னும் நான்கு சீட்டாட்டக்காரர்களும் இருந்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. பர்திலா, அப்படி யாரும் இல்லையே என்றார் பாந்தெலிஸ். மற்றவர்களும் ஆமோதித்தார்கள். எதற்காகத் தேடுகிறார் என்று கேட்கும் வழக்கமே அந்த ஊரில் இல்லை. போலீஸ்காரருக்கு ஒரு காப்பி கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. அவர் தாளில் ஏதோ எழுதி, பாந்தெலிஸிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி மறைந்ததும் பாந்தெலிஸ் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

“டேய் ஸ்தாத்தி, பழைய காலம் திரும்பிடுச்சுடா. உங்காளு எவனையோ தேடிட்டு வந்தான். வந்த வழியே அனுப்பிட்டோம்.”

“யாரண்ணே?”

“பர்தியோ பர்திலோ. செலான்னு முடியுது. எந்தக் களவாணிப் பயலோ.”

பர்தில் கையிலிருந்த ஓட்டை மெதுவாகக் கூரைமேல் வைத்தார். ஏணியில் இறங்கி வந்து, கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அது நான்தாண்ணே.”

உள்ளே சீட்டாட்டம் நின்றது. அர்கிரிஸ் எழுந்து வாசலுக்கு வந்தார். விஷயம் முழுவதையும் பர்தில் அப்போதுதான் சொன்னார். விண்ணப்பம், சாட்சிகள், எழுநூறு யூரோ, எல்லாம். தொண்ணூற்றெட்டிலிருந்து பர்திலின் வேலைக் காகிதங்களில் முதலாளி என்று கையெழுத்துப் போடுபவர் அர்கிரிஸ்தான்.

“கணக்குப்பிள்ளை வெரல் வெச்ச எடத்துல கையெழுத்துப் போடுவேன். பதினாறு வருஷமா ஒன் பேருக்குக் கீழதான் என் பேரு இருந்திருக்கு. ஒரு தடவகூட கண்ணாடி போட்டுப் படிக்கலயேடா” என்றார்.

அன்று மாலையே அர்கிரிஸின் வண்டியில் காவல் நிலையத்துக்குப் போனார்கள். மனூசோஸ் பொறுமையாகக் கேட்டார். அறிக்கை மதியத் தபாலில் போய்விட்டது என்றார். ‘குறிப்பிட்ட முகவரியில் இப்பெயருள்ளவரை எவரும் அறியார்’ என்பது அதன் வாசகம். வசிப்பதே உறுதியாகவில்லை என்றால் விண்ணப்பக் கோப்பை மேசைக்குக்கூட எடுக்கமாட்டார்களாம். திருத்த ஒரு வழி உண்டு. கையெழுத்துப் போட்டவரே வந்து, தான் சொன்னது தவறு என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும்.

கையெழுத்துப் போட்டவர் பாந்தெலிஸ். போலீஸிடம் பொய் சொன்னேன் என்று தன் கையாலேயே எழுதித் தருவதா? கடை உரிமத்துக்கு வருடாவருடம் அதே நிலையத்திலிருந்துதான் சான்று வர வேண்டும். நாளை வருகிறேன் என்றார். மறுநாள் பால்காரன் வரவில்லை என்றார். அடுத்த வாரம் பல்வலி என்றார். பர்தில் வற்புறுத்தவில்லை. ஒருகாலத்தில் தன்னை ஒளித்து வைத்த மனிதரை நெருக்க அவருக்கு மனம் வரவில்லை. கூரை வேலையை முடித்தார், கூலியையும் வாங்கவில்லை. வீட்டில் மிமோசாவிடம், கிடைக்காவிட்டால் என்ன, இதுவரை ஓடவில்லையா என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லும்போது முதுகுவலியில் நிற்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் முற்பகலில் மிமோசா காப்பிக்கடைக்குள் நுழைந்தாள். அந்தக் கடைக்குள் பெண்கள் வருவது திருவிழா நாளில் மட்டும்தான். சீட்டாடுகிறவர்கள் நாற்காலியை இழுத்து வழி விட்டார்கள். பாந்தெலிஸ் கல்லாவுக்குப் பின்னால் ஏற்கெனவே துடைத்த கோப்பையை மறுபடி துடைத்தார்.

“பல்வலி எப்படிண்ணே இருக்கு?”

“பரவாயில்லம்மா.”

“அன்னிக்கு நீங்க ஒளிச்சு வெச்சீங்க. இல்லேன்னா எனக்குப் புருஷன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்தான். அத நான் மறக்கல.” மிமோசா பின்னறைக் கதவைக் காட்டினாள். “ஆனா அவரு இன்னமும் அதுக்குள்ளதாண்ணே ஒக்காந்திருக்காரு. வெளிய விடுங்க.”

காப்பி கொடுக்க வந்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு சீட்டாட்டக்காரர்களில் ஒருவர், “பாந்தெலிஸ், பல்லப் புடுங்கிடலாம் வா” என்றார். கடையில் எழுந்த சிரிப்பு அடங்குவதற்குள் அர்கிரிஸ் வண்டிச் சாவியை எடுத்துவிட்டார். அன்று கடையைப் பூட்டினார்கள். சாவு வீட்டுக்குப் போவதற்குத் தவிர பாந்தெலிஸ் பகலில் கடை பூட்டியவர் இல்லை.

காவல் நிலையத்தில் ஆறு பேரும் வரிசையாக நின்றார்கள். பாந்தெலிஸ் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டிருந்தார். மனூசோஸ் தட்டச்சு செய்யத் தொடங்கினார். ஸ்தாத்தி என்று தாங்கள் அழைப்பவரும் பர்தில் செலாவும் ஒருவரே. சரி. எப்போதிலிருந்து தெரியும்?

“தொண்ணூத்தொண்ணுலேர்ந்து.”

“தொண்ணூத்தெட்டுக்கு முன்னாடி அவருக்குக் காகிதமே கெடையாதே. எங்க இருந்தாரு?”

பாந்தெலிஸ் தொப்பியைக் கழற்றினார். “என் கடையில, பீர்ப்பெட்டிக்குப் பின்னாடி. உங்களுக்கு முன்னால இருந்தவங்க வரும்போதெல்லாம்.”

மனூசோஸின் விரல் விசைப்பலகைமேல் நின்றது. “அப்ப நான் பொறந்து மூணு வருஷம். அத நான் எழுத மாட்டேன்யா” என்றார். ‘நீண்ட காலமாக அறிவேன்’ என்று எழுதினார். பிறகு நடத்தை எப்படி என்று கேட்டார். ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கவே, ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்று கையமர்த்த வேண்டியதாயிற்று. ஒருவர் மட்டும், சீட்டாட்டத்தில் சில சமயம் ஏமாற்றுவான் என்றும் சொன்னார். அதையும் எழுதவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பர் 20ஆம் தேதி பர்தில் தயங்கித்தான் மேசையில் இனிப்பு வைத்தார். உண்மைப் பெயர் வெளியே வந்த பிறகு யார் வருவார்கள் என்று நினைத்தார். வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்தார்கள். பர்தில் என்று சொல்லிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சிலர் வந்தார்கள். அர்கிரிஸ் எவ்வளவோ முயன்றும் ‘பர்திஸ்’ என்பதோடு நின்றுவிட்டார்.

நேர்காணல் 2016 மே 18இல் நடந்தது. ஐந்து பேர் கொண்ட குழு. ஆறுகள், போர்கள், நாடாளுமன்றம் என்று கேட்டார்கள். ஆறுகளைச் சரியாகச் சொன்னார். போர் ஒன்றை நூறாண்டு முன்னால் தள்ளிவிட்டார். தலைமை வகித்த அம்மாள், உங்களைத் தெரியும் என்று ஊரே எழுதிக் கொடுத்திருக்கிறதே என்று கோப்பைப் புரட்டினார். சட்டப்படி பெயரைக் கிரேக்க முறைக்கு மாற்றிக்கொள்ளலாம், ஸ்தாத்தி என்றே பதிந்துவிடவா என்றும் கேட்டார்.

பர்தில் கொஞ்சம் யோசித்தார். “கூப்புடறவங்க எப்படி வேணா கூப்புடட்டும்மா. காகிதத்துல எங்கப்பா வெச்ச பேரே இருக்கட்டும். யாராவது தேடி வந்தா நான் அகப்படணும்ல” என்றார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார்.

அதன்பின் ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஓசையே இல்லை. முதுகு நாளுக்கு நாள் மோசமாயிற்று. 2017 அறுவடையில் அர்கிரிஸ் அவரை மரமேற விடாமல் பெட்டிகளுக்கு அட்டை ஒட்ட உட்கார வைத்தார். அதுவும் நவம்பரோடு முடிந்தது. முத்திரைகள் போதவில்லை. கையிலிருந்த அனுமதி 2018 ஏப்ரல் 30 வரை. அதற்குப் பிறகு என்ன என்று வீட்டில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. குளிர் மூட்டத்தோடு பெப்ரவரியும் போயிற்று. காலையில் பர்தில் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்புவார். மரத்தடியில் பாதி நேரம் நின்றுவிட்டு வருவார்.

பீச் மொட்டு சிவக்கத் தொடங்கிய ஒரு காலை, கிளம்புகிற நேரத்தில் தபால்காரர் பதிவுத் தபாலோடு வாசலில் வண்டியை நிறுத்தினார். பர்தில் கையெழுத்திட்டு வாங்கினார். மிமோசா உறையைப் பிரித்து இரண்டு முறை படித்தாள், இரண்டாம் முறை உரக்க. குடியுரிமை வழங்கும் ஆணை அரசிதழில் வெளியாகிவிட்டது, உறுதிமொழி எடுக்க வரவும் என்றிருந்தது. எலிராவுக்குப் போன் செய்யலாமா என்று கேட்டாள். செய் என்றார். கத்தியை அதன் ஆணியில் மாட்டினார். காலணியைக் கழற்றினார். காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, வெயில் விழும் சன்னலோரக் கட்டிலில் மல்லாந்து படுத்தார். இன்று எழுப்பாதே என்றார்.

கடிதம் வந்தது 2018 மார்ச் 6, செவ்வாய்க்கிழமை.