பூட்டி வைத்த கட்டைவிரல்

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. கல்யாணப் பந்தியில் இன்னும் கொஞ்சம் சாம்பார் வேண்டுமென்றால் இலையைச் சற்று முன்னால் தள்ளி வைப்பேனே தவிர வாய் திறந்து கேட்க மாட்டேன். ஐம்பதைத் தாண்டியும் இந்தக் கூச்சம் போகவில்லை.

அப்படிப்பட்ட எனக்கு ஒருநாள் வெளி மாவட்டக் காவல் நிலையம் ஒன்றிலிருந்து போன் வந்தது. என் பேரில் உள்ள ஒரு நம்பரிலிருந்து யாரோ ஒரு பெண்ணுக்குத் தினமும் பேசித் தொல்லை கொடுக்கிறார்களாம். நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டுமாம். அந்த நம்பரை நான் அதுவரை பார்த்ததே இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"நீங்க தனியாப் போனா அவங்க கேக்குறதுக்கெல்லாம் தலையாட்டிட்டு அங்கேயே உட்கார்ந்துருவீங்க. நானும் வர்றேன்" என்றாள் என் மனைவி.

போனோம். ஆய்வாளர் என் பேரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், தொழிலைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் மனைவியைத்தான் பார்த்தேன். கடைசியில் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். "இவரா போன்ல வம்பு பேசியிருப்பாரு? பேரை வாங்குறதுக்குள்ளயே எனக்குத் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு."

பிறகு அவரே விசாரித்துக் கண்டுபிடித்தார். சில மாதங்களுக்கு முன் பேருந்து நிறுத்தத்தில் குடை போட்டு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் நான் கைரேகை வைத்துச் சிம் வாங்கியிருந்தேன். "பதியலைண்ணே, இன்னொரு தடவை வைங்க" என்றார் அந்தக் குடைக்காரர். வைத்தேன். "அழுத்தி வைங்கண்ணே" என்றார். மறுபடியும் வைத்தேன். முதல் தடவை வைத்தது எனக்கு. அடுத்து வைத்ததில் என் பேரிலேயே வேறு யாருக்கோ ஒரு சிம் போயிருந்தது.

எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது ஒரு பெண் காவலர் என் மனைவியின் போனை வாங்கி, ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைப்பது எப்படி என்று காட்டிக் கொடுத்தார். "இனிமே நீங்க திறந்துவிட்டாத்தான் இவரு ரேகை எங்கேயும் வேலை செய்யும். திறந்தாலும் பத்து நிமிஷம்தான்."

திரும்பி வரும் பேருந்தில் மனைவி சொன்னாள்: "இத்தனை வருஷமா உங்க வாயைத்தான் திறக்க முடியலை. விரலாவது என் கையில இருக்கட்டும்."

ஊரில் யாருக்கும் இதைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். போலீஸ் என்ற சொல்லையும் ஒரு பெண்ணுக்குப் போன் என்பதையும் சேர்த்துச் சொன்னால், கேட்பவர் மீதியைக் கேட்க மாட்டார். அந்தப் பயம்தான். ரேஷன் கடைக்கு எப்போதும் மனைவிதான் போவாள், அவள் விரலைத்தான் வைப்பாள். அதனால் என் விரல் பூட்டிக் கிடப்பது நாளாக ஆக எனக்கே மறந்துவிட்டது.

குறுவை அறுவடை வந்தது. எங்கள் ஊர் கீழ்வேளூர்ப் பக்கம். ஐப்பசி மழை எந்த நேரத்தில் பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாத நாட்கள். அரசு நெல் கொள்முதல் நிலையக் களத்தில் நெல்லைக் கொட்டி நான்கு நாள் காயவைத்தேன். பகலில் பரப்புவதும் மாலையில் குவித்துத் தார்ப்பாய் மூடுவதுமாக முதுகு விட்டுப்போனது. ஐந்தாம் நாள் காலையில்தான் ஈரப்பதம் சரியாக இருக்கிறது என்றார்கள். மதியத்துக்குள் என் முறை வந்தது. கிழக்கே கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. மறுநாள் நிலையத்துக்கு விடுமுறை.

எழுத்தர் கைரேகைக் கருவியை நீட்டினார். கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி வந்தது. அவர் அதைப் படிக்கவில்லை. நாள் முழுக்கச் சிவப்பைப் பார்த்துப் பழகியவர்.

"தேஞ்சு போச்சு போல. துடைச்சுட்டு வைங்க."

துண்டில் துடைத்து வைத்தேன். சிவப்பு.

இந்தக் கருவி மேல் எனக்கு மரியாதை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் வியாபாரிகள் வெளியிலிருந்து லாரியில் கொண்டுவரும் நெல்லை யார் யார் பேரிலோ போட்டுவிடுவார்கள். எங்கள் நெல் களத்திலேயே கிடந்து முளைக்கும். சாகுபடி செய்தவரே நேரில் வந்து விரல் வைக்க வேண்டும் என்று ஆன பிறகு எங்கள் களத்தில் அது வெகுவாகக் குறைந்தது. ஆனால் அன்று அந்தக் கருவி என்னை நான் இல்லை என்றது.

வரிசையில் நின்ற எல்லாருக்கும் வைத்தியம் தெரிந்திருந்தது.

"நெத்தியில தேய்ச்சுட்டு வைங்க மாமா, எண்ணெய்ப் பசை ஏறும்."

"அதெல்லாம் வேணாம், எலுமிச்சம்பழம் இருந்தாக் கொண்டாங்கப்பா."

"உர மூட்டை தூக்குன கைக்கு எலுமிச்சம்பழம் என்ன பண்ணும்?"

நெற்றியில் தேய்த்தேன். தலைமுடியில் தேய்த்தேன். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தேன். "அழுத்தி வைங்க" என்று எழுத்தர் சொன்ன அந்த நிமிடம்தான் குடையும் சிம்மும் எனக்கு ஞாபகம் வந்தன. விரல் தேயவில்லை. பூட்டியிருக்கிறது.

இதைச் சொன்னால் ஏன் பூட்டினாய் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் காவல் நிலையம் வரும். சொல்லாவிட்டால் நெல் நனையும். விரலை மறுபடியும் துண்டில் துடைத்தேன்.

"பதியலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிடுறேன். நீங்க நாளன்னைக்கு வாங்க" என்றார் எழுத்தர்.

என் குவியலைத் திரும்பிப் பார்த்தேன். காற்றில் தார்ப்பாயின் ஒரு முனை எழுந்து எழுந்து அடித்துக்கொண்டிருந்தது.

"பூட்டி வச்சிருக்கேன்" என்றேன்.

"எதை?"

"விரலை."

எழுத்தர் கருவியைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். பிறகு களமே சிரித்தது. எனக்குப் பின்னால் நின்ற, ஊரிலேயே வாய் நீளமான மனிதர் கேட்டார்: "விரலைப் பூட்டிட்டுச் சாவியை எங்க மாமா வச்சீங்க?"

"வீட்ல. அவகிட்ட."

மறுபடியும் சிரிப்பு. "எங்க வீட்டுலயும் எல்லாச் சாவியும் அங்கதான்" என்றார் ஒரு சுமைதூக்கும் தொழிலாளி.

மனைவிக்குப் போன் போட்டேன். "உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்றாள். வந்தது. பக்கத்தில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டு மெல்லச் சொன்னேன்.

"கேக்கலை."

மறுபடியும் சொன்னேன்.

"கேக்கலைங்க! கத்திச் சொல்லுங்க!"

யாரிடமும் சொல்லாதே என்று எல்லாரும் சொல்லும் அந்த ஆறு இலக்கத்தை, நாற்பது பேர் நடுவில் நின்றுகொண்டு, என் வாழ்நாளில் கத்தாத கத்தாகக் கத்தினேன். வரிசையில் பாதிப்பேர் என்னோடு சேர்ந்து சொன்னார்கள்.

"திறந்துட்டேன். பத்து நிமிஷம்தான், சீக்கிரம் வைங்க."

வைத்தேன். பச்சை.

மூட்டை பிடிக்கத் தொடங்கினார்கள். எதிர்பார்த்த கேள்வி அப்போதுதான் வந்தது. வாய் நீளமானவர் அருகில் வந்து, குரலைத் தாழ்த்தி, "ஏன் மாமா பூட்டுனீங்க?" என்றார். இனி மறைத்து என்ன என்று குடையில் தொடங்கிக் காவல் நிலையம் வரை சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் தராசைப் பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். "அதே குடையிலதான் நானும் மூணு தடவை வச்சேன்" என்றார்.

கடைசி மூட்டையைத் தைத்து, மற்ற மூட்டைகளோடு அட்டியில் அடுக்கித் தார்ப்பாய் மூடிய பிறகு மழை வந்தது. நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். மனைவி துண்டை எடுத்துக் கொடுத்தாள். "இவ்வளவு பெரிய குரலை எங்க வச்சிருந்தீங்க? நான் போனைக் காதுலேர்ந்து எடுத்துட்டேன்."

அன்று மாலையே வாய் நீளமானவர் தன் மனைவியோடு வந்து, எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அவர் விரலையும் பூட்டிக்கொண்டு போனார். சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவர்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது.

சம்பா அறுவடைக்கு மறுபடியும் அதே களத்தில் வரிசையில் நின்றேன். இந்தத் தடவை மனைவியையும் கையோடு அழைத்துப் போயிருந்தேன். "மாமா, சாவி வந்தாச்சா?" என்று யாரோ பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள்.

"வந்தாச்சு, வந்தாச்சு" என்றேன். டிராக்டர் சத்தத்திலும் கேட்கும்படிதான் சொன்னேன்.